மறைத்தலும் பொய்த்தலும்: மரத்தளப் பிணைப்புகள் எழுப்பும் அறவினா

ஒரு பொருளைத் தாங்கிப் பிடிப்பது எதுவோ அதைப் பார்ப்பவர் கண்ணுக்குக் காட்டுவது செய்தவரின் கடமையா, அல்லது தாங்கும் வேலை செவ்வனே நடந்தால் போதுமா என்ற கேள்வி கட்டடக்கலைச் சிந்தனையில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. பேராலயங்களையும் அரசு மாளிகைகளையும் முன்வைத்தே அது பெரும்பாலும் பேசப்பட்டிருப்பினும், அதே கேள்வி தன் முழுக் கூர்மையோடு எழும் எளிய இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டின் பின்புறத்தை ஒட்டி, மழைக்கும் பனிக்கும் வெயிலுக்கும் திறந்தபடி அமைக்கப்படும் மரத்தளமே அது. அங்குள்ளோர் அதை ‘டெக்’ என்பர். அதன் பலகைகளை, அவற்றுக்கு அடியில் குறுக்காக ஓடும் தாங்குசட்டங்களோடு பிணைக்க இரு வழிகள் வழக்கில் உள்ளன. முதல் வழியில் பலகையின் முகத்திலிருந்தே திருகாணி, அதாவது ஸ்க்ரூ, நேராகச் சட்டத்துக்குள் இறக்கப்படுகிறது. ஒவ்வொரு சட்டத்தின் மேலும் பலகைக்கு இரண்டு வீதம் திருகாணித் தலைகள் வரிசையாக வெளியே தெரிகின்றன. இரண்டாம் வழியில் பலகையின் பக்க விளிம்பில் நெடுக ஒரு காடி வெட்டப்பட்டு, அடுத்தடுத்த இரு பலகைகளின் காடிகளிலும் நுழைந்து பிடிக்கும் சிறு கிளிப் ஒன்று சட்டத்தோடு திருகப்படுகிறது. வேலை முடிந்தபின் மேற்பரப்பில் உலோகத்தின் சுவடே இருப்பதில்லை. இவற்றுள் எதைக் கொள்வது என்பதைத் தச்சர்கள் செலவையும் நேரத்தையும் உறுதியையும் கொண்டு தீர்மானிக்கிறார்கள், வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் தோற்றத்தைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள். ஆயினும் இந்தத் தேர்வுக்குள், மறைத்தல் என்பது எப்போது பொய்யாகிறது என்ற பழைய வினா அடங்கியிருக்கிறது. சமயச் சிந்தனையாளரும் தத்துவ அறிஞரும் தம்தம் வழியில் எதிர்கொண்ட அவ்வினாவைத் தொடாமல் எடுக்கப்படும் முடிவு வெறும் விருப்பமாகவே நின்றுவிடும்.

வினாவுக்குள் புகுமுன் மரத்தின் இயல்பை அறிந்துகொள்வது தேவை, ஏனெனில் இங்கே அறம் பொருளின் இயல்பிலிருந்து பிரிந்து நிற்பதில்லை. வெட்டி அறுத்த பின்னும் மரம் ஓய்ந்துவிடுவதில்லை. காற்றின் ஈரத்தை வாங்கி உப்பவும், வறட்சியில் அதை விட்டுச் சுருங்கவும் செய்கிறது. இந்த அசைவு நீளவாக்கில் மிகச் சிறிது, அகலவாக்கிலோ கணிசமானது. அமெரிக்கத் தளங்களில் மிகுதியாகப் பயன்படும் ஐந்தரை அங்குல அகல பைன் பலகை, ஈரமாக அடிக்கப்பட்டுப் பின் நன்கு உலரும்போது கால் அங்குலம் அளவுக்குக் குறுகக்கூடும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே சீராக நிகழ்வதில்லை: மரத்தின் ஆண்டு வளையங்களைத் தழுவிய திசையில் நிகழும் சுருக்கம், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் நிகழ்வதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதால், பலகை தட்டையாக நிற்காமல் ஓரங்கள் மேலெழுந்து குழிய முற்படுகிறது. முகத்திலிருந்து இறக்கிய திருகாணி இந்த எழுச்சியை நேருக்கு நேர் அடக்குகிறது. ஆனால் அதன் துளையைச் சுற்றி நீர் தங்கும், பலகையின் நுனியருகே மரம் பிளக்கும், செடார் போன்ற மரங்களில் இரும்போடு மரச்சாறு வினைபுரிந்து கருங்கறை படியும். கிளிப்போ பலகையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் அசைய இடம் கொடுக்கிறது, பலகைகளுக்கிடையே சீரான இடைவெளியையும் தானே அளந்து தருகிறது. ஆனால் அதே நெகிழ்ச்சியின் காரணமாக, தளம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கோணாமல் தடுக்கும் வலிமையை அது முகத்திருகாணி அளவுக்குத் தருவதில்லை, ஆகவே அடியில் மூலைவிட்டத் தாங்கல்கள் வேண்டிவரலாம். நூறு சதுர அடித் தளத்துக்கு ஏறத்தாழ 350 திருகாணிகள் என்பது தச்சர் கணக்கு. அத்தனை உலோகப் புள்ளிகளும் கண்ணுக்குத் தெரிவதா, தெரியாதிருப்பதா என்பதே இங்கே விவாதம்.

தெரியவேண்டும் என்று ஆவேசத்தோடு வாதிட்டவர் ஆங்கிலக் கட்டடக் கலைஞரான ஆகஸ்டஸ் பியூஜின். கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய அவர் 1841-இல் வெளியிட்ட, கூர்வளைவுக் கட்டடக்கலை அல்லது கிறித்தவக் கட்டடக்கலையின் மெய்யான நெறிகள் பற்றிய நூலில், வசதிக்கோ கட்டுமானத்துக்கோ தகைமைக்கோ தேவைப்படாத எந்த உறுப்பும் ஒரு கட்டடத்தில் இருத்தலாகாது என்றும், அலங்காரம் என்பது கட்டுமானத்துக்கு இன்றியமையாத உறுப்பைச் செழுமைப்படுத்துவதாக மட்டுமே இருக்கவேண்டும் என்றும் வரையறுத்தார். இந்நெறியை விளக்க அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளில் கீல்களும் பூட்டுகளும் ஆணிகளும் அடங்கும் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. இடைக்காலக் கைவினைஞர்கள் அவற்றை வெளிப்படையாக வைத்து அழகுபடுத்தியிருக்க, தம் காலத்தவர் அவற்றை ஒளித்துவைப்பதைப் பியூஜின் குறையாகவே கண்டார். அவருக்கு இது ரசனை பற்றிய பேச்சு அன்று. வழிபாட்டிடத்தைக் கட்டுபவன் கல்லாலும் இரும்பாலும் பேசுகிறான், அந்தப் பேச்சில் பொய் கலந்தால் வழிபாடே மாசுறுகிறது என்ற சமய நம்பிக்கையே அதன் அடித்தளம். வீட்டுத்தளம் ஆலயமன்று என்பது உண்மையே. எனினும், தாங்கும் பொருள் வெளிப்படுவதே வாய்மை என்ற எண்ணம் பியூஜினுக்குப் பின் சமயச் சார்பு நீங்கிய வடிவத்தில் இருபதாம் நூற்றாண்டு வரை பரவி, இன்று ‘நேர்மையான கட்டுமானம்’ என்று போகிற போக்கில் சொல்லப்படும் சொற்றொடரில் எஞ்சியிருக்கிறது.

பியூஜினுக்கு எட்டாண்டு கழித்து, 1849-இல், ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் தம் ‘கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்’ நூலில் வாய்மையை ஒரு விளக்காக வைத்து எழுதியபோது, வியப்பளிக்கும் நிதானம் ஒன்றைக் காட்டினார். கட்டட வஞ்சனைகள் மூன்று என்று அவர் வகுத்தார்: மெய்யான தாங்குமுறைக்கு மாறான வேறொரு தாங்குமுறை இருப்பதுபோல் காட்டுதல், ஒரு பொருளின் மேற்பரப்பை வேறொரு பொருளாகத் தோன்றும்படி தீட்டுதல், அச்சிலும் எந்திரத்திலும் செய்த அலங்காரத்தைக் கைவேலையாக நம்பவைத்தல். ஆனால் தாங்குமுறையைக் காட்டியே தீரவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மனித உடலின் தோல் உள்ளுறுப்புகளை மூடியிருப்பதை எவரும் குறையாகக் கொள்ளாததுபோல, கட்டடம் தன் உள்ளமைப்பை மூடிக்கொள்வதும் குறையாகாது என்பது அவர் நிலைப்பாடு; அறிவுள்ள கண்ணுக்குத் தன் அமைப்பின் மறைபொருளைப் புலப்படுத்தும் கட்டடமே மேலானது என்பதை மட்டும் அதனோடு சேர்த்துக்கொண்டார். இரும்பைப் பற்றிய அவருடைய விதியும் நுட்பமானது: கற்களை ஒன்றோடொன்று பற்றவைக்கும் காரையின் இடத்தில் உலோகம் வரலாம், பாரம் சுமக்கும் தூணின் இடத்தில் வரலாகாது. இரும்புத் தூண்களைப் பற்றிய இந்தத் தடையை வரலாறு ஏற்கவில்லை. ஆனால் பற்றவைக்கும் உலோகத்துக்கு அவர் அளித்த விலக்கு, பலகைக்குள் ஒளிந்திருக்கும் கிளிப்புக்கு நேராகப் பொருந்துகிறது. பலகையைச் சுமப்பது சட்டம். கிளிப் அதைச் சட்டத்தோடு பற்றவைப்பது மட்டுமே. எனவே ரஸ்கினின் அளவுகோலின்படி மறைபிணைப்பு வஞ்சனையில் சேராது.

அதே அளவுகோலை இன்னும் சற்று நகர்த்தினால், இன்றைய தளங்களில் வஞ்சனை எங்கே இருக்கிறது என்பது வேறு விதமாகத் தெரியவரும். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து வார்க்கப்படும் கலப்புப் பலகைகள் இப்போது இயற்கை மரத்துக்குப் போட்டியாக விற்பனையாகின்றன. அவற்றின் மேற்பரப்பில் மரத்தின் ரேகை உருளைகளால் அழுத்திப் பதிக்கப்படுகிறது. ஒருபோதும் வளராத ஒரு பொருள் ஆண்டுதோறும் வளர்ந்ததற்கான அடையாளத்தைச் சுமக்கிறது. ரஸ்கின் கண்டித்த இரண்டாம் வஞ்சனையும் மூன்றாம் வஞ்சனையும் ஒருங்கே அமைந்தது இது. இத்தகைய பலகையைப் பெரும்பாலும் மறைகிளிப் கொண்டே பிணைக்கிறார்கள், காரணம் திருகாணி இறங்கும் இடத்தில் பொருள் பிதுங்கி மேடாவது உண்டு, கண்ணுக்கு அது உறுத்தலாக இருக்கும். போலி ரேகையை ஏற்றுக்கொண்ட ஒருவர் திருகாணி தெரிவதுதான் நேர்மை என்று வாதிடுவாராயின், அவர் சிறு கதவை அடைத்துப் பெருங்கதவைத் திறந்துவிட்டவர் ஆவார். இந்தப் பலகைகள் மரத்தைப்போல் ஈரத்துக்கு அகலவாக்கில் அசையாமல் வெப்பத்துக்கு நீளவாக்கில் அசைகின்றன என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். தோற்றத்தில் மரமாக நடிப்பதை நம்பி மரத்துக்கான விதிகளின்படி முனையோடு முனை முட்ட அடித்துவிட்டால், கோடையில் அவை ஒன்றையொன்று நெருக்கி வளைகின்றன. பொய்த் தோற்றம் கைவினைஞனின் கையையே வழிதவறச் செய்யும் இடம் அது.

மறைத்தலுக்கும் பொய்த்தலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கிறித்தவ அறவியலில் தெளிவாக வகுத்தவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயரான அகுஸ்தீன். ஏறத்தாழ 395-இல் பொய்யைப் பற்றியும், கால் நூற்றாண்டு கழித்துப் பொய்க்கு எதிராகவும் இரு தனி நூல்களை அவர் எழுதினார். நன்மைக்காகச் சொல்லப்படும் பொய்யையும், ஓர் உயிரைக் காப்பதற்காகச் சொல்லப்படும் பொய்யையும்கூட அவர் அனுமதிக்கவில்லை. பொய்யை அவ்வளவு கடுமையாக வெறுத்த அவரே, உண்மையை வெளியிடாமல் வைத்திருப்பது பொய் சொல்வதாகாது என்றும் வற்புறுத்தினார். உள்ளத்தில் ஒன்றிருக்க ஏமாற்றும் எண்ணத்தோடு வேறொன்றை வெளியிடுவதே பொய். வாய் திறவாமை அன்று. நம் காலத்து அமெரிக்க அறவியலாளர் சிசெலா போக், 1983-இல் வெளியான மறைபொருள்கள் பற்றிய தம் நூலில், வேண்டுமென்றே மறைத்துவைப்பதை முதலிலேயே குற்றமென்று தீர்ப்பிடாமல் நடுநிலையாக வரையறுத்துக்கொண்டு, அந்த மறைப்பால் யாருக்கு அதிகாரம் கூடுகிறது, யாருக்குக் குறைகிறது என்ற திசையில் வினாவைத் திருப்புகிறார். இந்தத் திருப்பமே மரத்தளத்துக்கும் தேவைப்படுவது. பார்ப்பவர் ஏமாந்தாரா என்று கேட்டால் விடை எளிது: பலகைகள் காற்றில் மிதப்பதாக எவரும் நம்புவதில்லை, கீழே ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆகவே எவரும் ஏமாறவில்லை. அந்த மறைப்பால் எவருடைய கை கட்டப்படுகிறது என்று கேட்டாலோ விடை அத்தனை எளிதாகக் கிடைப்பதில்லை.

அந்த வினாவுக்குச் செல்லுமுன், வெளிப்பட்டது வாய்மை என்ற எதிர்த்தரப்பின் எண்ணமும் சோதிக்கப்பட வேண்டும். வியன்னாவில் ஓட்டோ வாக்னர் வடிவமைத்து 1904-க்கும் 1906-க்கும் இடையே முதற்கட்டம் எழுந்த அஞ்சல் சேமிப்பு வங்கிக் கட்டடத்தின் முகப்பு மெல்லிய சலவைக்கற் பலகைகளால் போர்த்தப்பட்டது; அலுமினியத் தொப்பி அணிந்த போல்ட்டுத் தலைகள் அந்தப் பலகைகளின் மேல் வரிசை வரிசையாகத் துருத்தி நிற்கின்றன. பார்ப்பவர் இயல்பாகவே கல்லைப் பிடித்திருப்பது அந்தப் போல்ட்டுகள்தாம் என்று எண்ணுவார். உண்மையில் பலகைகள் காரையில் பதிக்கப்பட்டவை. காரை இறுகும்வரை பிடித்துக்கொள்வதோடு போல்ட்டின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நியூயார்க்கில் 1958-இல் முடிந்த சீகிராம் கட்டடத்தில் இந்தச் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. எஃகுத் தூண்களைத் தீக்காப்புக்காகக் கான்கிரீட்டால் மூடவேண்டும் என்ற விதியால் மெய்யான எஃகு மறைந்துபோக, அதை வடிவமைத்த மீஸ் வான் டெர் ரோ வெண்கலத்தாலான ஐ-வடிவச் சட்டங்களை முகப்பின் மேல் நெடுக ஓடவிட்டு, உள்ளே எஃகு இருக்கிறது என்பதை வெளியே உணர்த்தினார். இவை இரண்டையும் பொய் என்று தள்ளிவிடுவது கடுமையாகும், இரண்டும் மிகச் சிறந்த கட்டடங்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியும் பிணைப்பு மெய்யான பிணைப்பாக இருந்தாகவேண்டும் என்ற நியதி இல்லை என்பதை அவை ஐயமின்றி நிறுவுகின்றன. தெரிவது ஒரு சொல் மட்டுமே. சொல் மெய்யாகவும் இருக்கலாம், ஒப்பனையாகவும் இருக்கலாம்.

மறைத்தலுக்கும் காட்டுதலுக்கும் இடையில் மூன்றாம் நிலை ஒன்றைக் கண்டவர்கள் சப்பானியத் தச்சர்கள். அவர்களுடைய கோயில்களில் ஆணியே கிடையாது என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியன்று. நாரா நகருக்கு அருகிலுள்ள ஹோரியூ-ஜி கோயிலில் உலைக்களத்தில் அடித்துச் செய்த பழைய ஆணிகள் உண்டு; அக்கோயிலின் பழுதுபார்ப்பில் வாழ்நாளைக் கழித்த தலைமைத் தச்சர் நிஷியோகா சுனேகாசு, புது ஆணிகளும் பழைய முறைப்படியே கையால் அடிக்கப்பட்டவையாக இருக்கவேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர். ஆணி தெரியும் இடங்களில், குறிப்பாகச் சுவரையொட்டிக் கிடையாக ஓடும் சட்டங்களில், ‘குகிகாகுஷி’ எனப்படும் உலோக மூடி அதன் தலைமேல் பொருத்தப்படும். கியோட்டோவின் கட்சுரா மாளிகையில் இந்த மூடிகளுள் சில நார்சிசஸ் மலரின் வடிவில் அமைந்திருக்கின்றன. ஆணியின் தலை கண்ணுக்கு மறைகிறது, ஆனால் ஆணி இங்கேதான் இருக்கிறது என்பதை அந்த மலர் பிழையின்றி அறிவிக்கிறது. கழற்ற வேண்டியவனுக்குத் தேடும் வேலை இல்லை. சப்பானியத் தச்சுக்கலையை ஆர்வத்தோடு கற்ற சார்லஸ், ஹென்றி கிரீன் சகோதரர்கள், கலிபோர்னியாவின் பசடீனா நகரில் 1908-இல் கட்டிய கேம்பிள் இல்லத்தில் திருகாணித் தலைகளைக் கருங்காலி மரத்தாலான சதுர முளைகளால் மூடினார்கள். அந்த முளைகள் செம்மரத்தின் நிறத்தோடு ஒன்றாமல் கறுத்து, சற்றே மேலெழும்பி நிற்கின்றன. இன்று கலப்புப் பலகைத் தளங்களுக்கு விற்கப்படும் முளைகளோ பலகையின் நிறத்திலேயே, அதே பொருளால் செய்யப்பட்டு, தட்டி இறக்கியதும் கண்டுபிடிக்க முடியாதபடி கலந்துவிடுகின்றன. செய்முறையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பின்னால் வருபவனுக்கு ஒன்று இடத்தைச் சொல்கிறது, மற்றது சொல்லாமல் விடுகிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட தூரம் மிகப் பெரிது.

மறைந்த வேலை நல்லதாக இருக்கவேண்டும் என்பதற்குச் சமயங்கள் தந்த காரணம் மிக நேரானது: மனிதன் காணாததை இறைவன் காண்கிறான். 1774-இல் ஆன் லீயின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ஷேக்கர் சமூகத்தார், உழைப்பையே வழிபாடாகக் கொண்டவர்கள். வெறும் பகட்டுக்காகச் செய்யும் விளிம்பு அலங்காரங்களை அவர்களுடைய 1845-ஆம் ஆண்டு விதித்தொகுப்பு தடைசெய்தது. இழுப்பறையின் மூலைகளில், இரு பலகைகளின் நுனிகளைப் பறவைவால் வடிவில் அறுத்துக் கோத்த புறாவால் இணைப்புகளை அவர்கள் ஒளிக்கவும் இல்லை, பெருமைக்காகப் பெரிதாக்கிக் காட்டவும் இல்லை. அத்தகைய ஒரு சமூகத்தில் மறைவு ஆபத்தற்றது, ஏனெனில் செய்பவனின் உள்ளத்திலேயே சாட்சி இருக்கிறது, பழுதுபார்ப்பவனும் அதே கூடத்தில் அதே தச்சுமேசையில் வேலைசெய்யும் சகோதரனாக இருக்கிறான். வீடு கைமாறும், ஒப்பந்தக்காரர் வேறிடம் போவார், பத்தாண்டு கழித்து யார் அந்தத் தளத்தின்மேல் நிற்பார் என்பதைக் கட்டியவர் அறியார் என்ற நிலையில், உள்ளத்துச் சாட்சியை மட்டும் நம்பிப் பிணைப்பை மூடிவிடுவது போதுமா என்பதே நவீன வாழ்வு அந்தப் பழைய பதிலுக்கு எதிராக வைக்கும் கேள்வி.

2015 ஜூன் 16 அன்று கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரில், கட்டிப் பத்தாண்டுகூட நிறையாத ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடமுகப்பு, பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குக் கூடியிருந்த இளைஞர்களோடு நள்ளிரவுக்குப் பின் முறிந்து சரிந்தது. அறுவர் இறந்தனர், எழுவர் காயமுற்றனர். அவர்களில் பெரும்பாலோர் கோடைகால வேலைக்காக அயர்லாந்திலிருந்து வந்திருந்த மாணவர்கள். சுவரிலிருந்து வெளிநீண்டு மாடத்தைச் சுமந்த மரச்சட்டங்களுக்குள் நீர் சிக்கி, பூஞ்சை பற்றி, மரம் உளுத்துப்போயிருந்ததை விசாரணை கண்டறிந்தது. அந்தச் சட்டங்களை மேலிருந்து தளப்பூச்சும் கீழிருந்து மூடுபூச்சும் முழுதாகப் போர்த்தியிருந்தன. அங்கே நின்ற எவருக்கும் உளுத்த மரத்தைக் காணும் வழி இருக்கவில்லை. பழுதுபார்க்க நினைத்த ஒருவர்கூட எதையேனும் உடைத்தெடுத்தால் ஒழியக் கண்டிருக்க முடியாது. இந்தத் துயரத்தின் விளைவாகக் கலிபோர்னியா 2018-இல் இயற்றிய சட்டம், மூன்றோ அதற்கு மேலோ குடியிருப்புகள் கொண்ட கட்டடங்களில் மரத்தால் தாங்கப்படும் உயர்ந்த மாடங்களையும் தளங்களையும் படிகளையும் ஆறாண்டுக்கு ஒருமுறை ஆராயவேண்டும் என்று விதித்தது. அடைபட்ட அடிச்சட்டங்களுக்குக் காற்றோட்டத் திறப்பு வேண்டும் என்பதும் கட்டட விதிகளில் இடம்பெற்றது. இச்சட்டம் மாடத்தின் தோற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மரச்சட்டங்கள் வெளியே தெரியவேண்டும் என்றும் கேட்கவில்லை. வேண்டியபோது போய்ப் பார்க்க ஒரு வழி இருக்கவேண்டும் என்பதே அதன் உள்ளடக்கம். இறைவனின் பார்வைக்கு எதுவும் மறையாது என்ற நம்பிக்கையை உடையவர்கள்கூட, ஆறு பெற்றோர் இணைகளுக்கு முன்னால் நின்று அதுமட்டும் போதும் என்று சொல்ல மாட்டார்கள்.

இங்கே பொய்யின் எல்லைக்கோடு புலப்படுகிறது. ஒரு பிணைப்பின் வாய்மை அது கண்ணில் படுவதில் இல்லை; கேட்பவருக்கு அது பதில் சொல்லக்கூடியதாக இருப்பதில் இருக்கிறது. கேட்பவர் யார் என்பதும் இப்போது தெளிவாகிறது. மாலையில் தேநீர்க் கோப்பையோடு தளத்தில் அமர்ந்து பலகையின் அழகைப் பார்ப்பவர் அல்லர். அதன்மேல் தன் உடலின் பாரத்தை ஒப்படைப்பவரும், பிற்காலத்தில் அதைத் திறந்து பார்க்கும் பொறுப்பை ஏற்பவரும். அவ்விருவரின் கையைக் கட்டாத மறைப்பு நாகரிகம். கட்டும் மறைப்பு, ஒரு சொல்லும் பேசாமலேயே, எல்லாம் நலம் என்ற கூற்றை முன்வைத்து அதைச் சோதிக்கும் உரிமையைப் பறித்துக்கொள்கிறது, ஆதலின் அகுஸ்தீனின் கடுமையான வரையறைக்குள்ளும் அது பொய்யை நெருங்கிவிடுகிறது.

தத்துவ அறிஞர் மார்ட்டின் ஹைடெக்கர் 1927-இல் வெளியான ‘இருத்தலும் காலமும்’ நூலில் கருவிகளைப் பற்றிச் சொன்னது இந்த இடத்தில் துணைசெய்வதோடு ஒரு குறையையும் காட்டுகிறது. நன்றாக வேலைசெய்யும் சுத்தியல் தச்சனின் கவனத்திலிருந்து விலகிவிடுகிறது, அவன் கவனம் முழுவதும் செய்யும் பொருளின்மேல் இருக்கிறது. சுத்தியல் உடையும்போதே அது ஒரு தனிப் பொருளாக அவன்முன் எழுந்து நிற்கிறது என்பது அவர் கண்ட உண்மை. மறைபிணைப்பை விரும்பும் வீட்டுக்காரரின் ஆசைக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது: அவருக்கு வேண்டியது காலடியில் தடையின்றி விரியும் மரம், அதைப் பிடித்திருக்கும் உலோகத்தின் நினைவு அன்று. அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் சுத்தியல் உடைந்தால் அது கையில் இருக்கிறது, புரட்டிப் பார்க்கலாம்; காடிக்குள் புதைந்த கிளிப் துருவேறி அறுந்தால் அது எழுந்து நிற்பதில்லை. அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டு மரத்தைப் பதப்படுத்த ஆர்செனிக் கலந்த மருந்தைப் பயன்படுத்துவது 2003 இறுதியோடு கைவிடப்பட்டு, செம்பு மிகுந்த மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தபின், சாதாரண இரும்புத் திருகாணிகள் அந்தச் செம்பால் விரைவாக அரிக்கப்படுவது தெரியவந்தது. முகத்தில் இருக்கும் திருகாணி துருக்கறையால் தன் நோயைத் தானே சொல்கிறது. மறைந்திருப்பது சொல்லாது, ஆகவே மறைப்பவர் துருப்பிடிக்காத எஃகையோ அதற்கிணையான காப்புள்ள உலோகத்தையோ கொள்ளும் கடமை, காட்டுபவருக்கு உள்ளதைவிடக் கனமானது. மலிவான கிளிப்பை அழகிய பலகைக்கு அடியில் வைப்பது கைவினையின் பெயரால் செய்யப்படும் துரோகம்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். மேற்பரப்புத் திருகாணியைப் பற்றி இவ்வளவு வாதம் நடக்க, உயிரைப் பிடித்திருக்கும் பிணைப்பு வேறிடத்தில் இருக்கிறது. தளத்தின் ஒரு விளிம்பை வீட்டுச் சுவரோடு சேர்க்கும் நீண்ட சட்டமே பெரும்பாலான தளச் சரிவுகளுக்குத் தொடக்கப் புள்ளி; அதைப் போல்ட்டுகளால் முடுக்காமல் வெறும் ஆணிகளால் அடித்துவிடும்போது, சுமை ஏறியதும் ஆணிகள் சுவரிலிருந்து உருவிக்கொள்கின்றன. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே நீர் இறங்காமல் தடுக்கும் உலோகத் தகடு இல்லாவிட்டால், சுவருக்குள் இருக்கும் மரமும் உளுக்கிறது. கிளிப்பா திருகாணியா என்று வாரக்கணக்கில் யோசிக்கும் வீட்டுக்காரர் இந்தச் சட்டத்தை ஒருமுறையேனும் குனிந்து பார்த்திருப்பாரா என்பது வருத்தத்தோடு கேட்கப்பட வேண்டிய கேள்வி. கண்ணில் படுவதன் நேர்மையை மட்டும் ஆராயும் அறவியல், கண்ணில் படாததன் நேர்மையை ஆராயாமல் விடும் ஆபத்து பியூஜினின் வாதத்திலிருந்தே தொடர்ந்து வருவதுதான்.

இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மரத்தளத்துக்குத் திரும்பினால், விடை தளத்துக்குத் தளம் மாறும். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள், அடியில் ஆள் நுழைய இடமில்லாமல் அமைக்கப்படும் தளத்தில், பலகையைக் கழற்றுவது ஒன்றே சட்டங்களைப் பார்க்கும் வழி. காடிக்கிளிப்பால் பிணைத்த வரிசையின் நடுவிலிருக்கும் பலகையை எடுக்க, பெரும்பாலும் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து வரவேண்டியிருக்கும் அல்லது அந்தப் பலகையை அறுத்தே எடுக்கவேண்டும். ஆகவே அங்கே முகத்திருகாணியே தகும், அதன் தலைகளின் வரிசையைக் கோணாமல் நேர்நூல் பிடித்து இறக்கும் தச்சர் அழகையும் விட்டுக்கொடுத்தவர் ஆகார். அடியில் நின்று வேலைசெய்யும் உயரமுள்ள தளத்திலோ, சட்டத்தின் பக்கத்தில் உலோகத் தகடு பொருத்திக் கீழிருந்தே பலகைக்குள் திருகாணி ஏற்றும் முறை உண்டு. மேலே ஒரு புள்ளியும் தெரியாது, கீழே நிமிர்ந்து பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும், எந்தப் பலகையையும் தனியே இறக்கலாம். பியூஜினும் ரஸ்கினும் ஒருசேர ஏற்கக்கூடிய அமைப்பு அது. காடிக்கிளிப்பையே கொள்பவர், முதல் பலகையும் கடைசிப் பலகையும் எப்படியும் முகத்திலிருந்தே திருகப்பட வேண்டியவை என்பதால், அந்தத் திருகாணிகளை நிறம் ஒத்த முளைகளால் அழித்துவிடாமல் தெரியும்படி விட்டால், அவிழ்க்கத் தொடங்கவேண்டிய இடம் அதுவே என்பது பின்னால் வருபவருக்குத் தெரியும்.

பலகைக்கும் இதில் ஓர் உரிமை உண்டு என்று வாதிட இடமிருக்கிறது. பிரேசிலின் காடுகளிலிருந்து வரும் இப்பே மரம் தளப்பலகைகளுள் மிகக் கடினமானவற்றில் ஒன்று. பல பத்தாண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து தாங்கும். அளவுமீறி வெட்டப்பட்டதால் அம்மர இனங்களின் பன்னாட்டு வணிகம் 2024 நவம்பரிலிருந்து அழிவாபத்துள்ள உயிரினங்களுக்கான உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அதன் அடியில் வைக்கப்படுவதோ பெரும்பாலும் பதப்படுத்திய பைன் சட்டம்; பலகை உறுதியாக இருக்கும்போதே சட்டம் முதலில் உளுக்கும். அந்த நாளில் பலகைகளை ஒரு கீறலுமின்றிக் கழற்றி, சட்டத்தை மாற்றி, மீண்டும் அதே பலகைகளைப் பரப்ப முடியுமானால், அந்த மரத்துக்காக இன்னொன்றை வெட்டவேண்டியதில்லை. பசை ஊற்றி ஒட்டியதோ, அறுத்தால் அன்றி வெளிவராத கிளிப்பால் பூட்டியதோ அதைச் செய்யவிடாது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி, தலை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், எதிர்த்திசையில் திருகினால் கழன்று வரும்.